இதயத்துக்கு எத்தனை வாட்?

இதயக் கோளாறு உள்ள ஒருவர் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா? வாங்கினால் எந்த மாதிரி? கடையில் கேட்டால் ரேஞ்ச் எத்தனை கிலோமீட்டர், டிஸ்க் பிரேக்கா, சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டால் "சைக்கிள் ஓட்டலாம், ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க" என்பார். இரண்டுமே சரியான பதில்கள்தான். ஆனால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஸ்ட்ரெயின் என்றால் எவ்வளவு? அதை யார் அளப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதனால் இது எனக்குச் சொந்தக் கேள்வியும்கூட. பதில் தேடிப் போனபோது, சம்பந்தமே இல்லாத இரண்டு வரலாறுகள் ஒரே இடத்தில் வந்து முட்டுவதைப் பார்த்தேன். ஒன்று, இதய நோயாளியை எவ்வளவு அசையவிடலாம் என்று மருத்துவம் கற்றுக்கொண்ட கதை. இன்னொன்று, மனிதனின் கால் எவ்வளவு உழைக்கிறது என்று மோட்டார் கற்றுக்கொண்ட கதை. இரண்டுமே அடிப்படையில் முயற்சியை அளக்கும் கதைகள்.

படுக்கையே மருந்து

மார்பை இறுக்கும் அந்த வலியை 'ஆஞ்சைனா' என்று பெயரிட்டு விவரித்தவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஹெபர்டன். 1768-இல் மருத்துவர் கல்லூரியில் வாசித்தார், 1772-இல் அச்சில் வந்தது. நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது வரும், நின்றால் போய்விடும் என்று சரியாகக் கவனித்திருக்கிறார். அவர் இறந்த பிறகு 1802-இல் வெளிவந்த நூலில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்ட ஒரு நோயாளிக்கு வலி கிட்டத்தட்ட குணமாகிவிட்டதாம்.

ஒரே வரிதான். அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

1912-இல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெர்ரிக், இதய ரத்தக்குழாய் அடைபட்டாலும் ஆள் உடனே இறந்துவிடுவதில்லை, பிழைக்கலாம் என்று எழுதினார். பிழைத்தவரை என்ன செய்வது? படுக்க வைப்பது. 1939-இல் மேலரி, வைட், சால்செடோ-சால்கர் மூவரும் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து, பாதிக்கப்பட்ட தசை தழும்பாக ஆற ஒரு மாதத்துக்கு மேல், பெரிய பாதிப்பானால் இரண்டு மாதம் வரை ஆகிறது என்று காட்டினார்கள். ஆறு வாரப் படுக்கைக்கு இது அறிவியல் ஆதாரமாக ஆனது. சாப்பாடு ஊட்டிவிட வேண்டும், தானாகத் திரும்பிப் படுக்கக்கூடக் கூடாது என்கிற அளவுக்குப் போனது. இதயத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலை முடிந்தவரை பூஜ்யம் என்பதுதான் கணக்கு.

அந்த மூவரில் நடுவில் இருக்கும் பால் டட்லி வைட் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்ப வருவார், சைக்கிளில்.

நாற்காலி, பஸ், ஜனாதிபதி

பூஜ்யத்திலிருந்து முதல் படி ஒரு நாற்காலி. பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு வந்த 81 பேரைச் சில நாட்களிலேயே படுக்கையிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1952-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் இதயம் வெடிக்கவில்லை. நீண்ட நாள் படுத்திருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் உயிரைக் குடிக்கும் ஆபத்து பெரிதாக இருந்த காலம் அது. உட்கார வைத்ததே சிகிச்சையாகிவிட்டது.

அடுத்த வருஷமே லண்டனில் ஜெரி மோரிஸ் தன் புகழ்பெற்ற பஸ் ஆய்வை வெளியிட்டார். லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் ஒரு நாளைக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி குடும்பப் பின்னணி. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. "டிரைவர் வேலைக்கு வருகிறவரே குண்டாக இருப்பாரோ?" என்று நமக்குத் தோன்றும் சந்தேகம் மோரிஸுக்கும் தோன்றியது. 1956-இல் பஸ் ஊழியர்களின் யூனிஃபார்ம் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிசுதான்! ஆகவே கதை அவ்வளவு நேர்கோடு இல்லை. ஆனால் தபால்காரர்களையும் உட்கார்ந்து வேலை செய்யும் தபால்துறை ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது. உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற எண்ணம் இங்கேதான் எண்களாக மாறியது.

1955 செப்டம்பர் 24 அதிகாலை. டென்வரில் விடுமுறையில் இருந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு. ஆலோசனைக்கு விமானத்தில் வந்து இறங்கியவர் பால் டட்லி வைட். நிருபர்களைக் கூப்பிட்டு, ஜனாதிபதியின் மலம் கழித்தல் வரைக்கும் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் சாதாரண மக்கள் மாரடைப்பு என்றால் என்ன என்று பாடம் படித்தது அந்த வாரத்தில்தான். அதைவிட முக்கியம், வேலைக்குத் திரும்பலாம், நடக்கலாம், கோல்ஃப் ஆடலாம் என்று அவர் வாதிட்டது. ஐசனோவர் 1956 தேர்தலில் நின்று ஜெயித்து, 1969 வரை வாழ்ந்தார்.

வைட் தானே தீவிரமான சைக்கிள்காரர். வயதான பிறகும் ஓட்டினார், ஊர் ஊராகப் போய் சைக்கிள் பாதை போடச் சொன்னார். பாஸ்டனில் சார்ல்ஸ் நதிக்கரையில் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. 1973-இல் 87 வயதில் இறந்தார். படுக்கைக்கு ஆதாரம் கொடுத்த கட்டுரையிலும் அவர் பெயர், சைக்கிள் பாதையின் பலகையிலும் அவர் பெயர்.

படுக்கையின் மேல் கடைசி ஆணி அடித்தது டல்லஸில் நடந்த ஒரு சோதனை. 1966-இல் ஆரோக்கியமான 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்சபட்ச ஆக்சிஜன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 30 வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்.

இதயம் பலவீனமானவர்களுக்குத்தான் கதவு கடைசியாகத் திறந்தது. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் உடற்பயிற்சி கூடவே கூடாது என்பது ரொம்ப நாள் விதி. 2009-இல் 2,331 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பயிற்சி ஆயுளைப் பெரிதாக நீட்டியது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் பயிற்சி செய்ய அவர்களுக்குக் கொடுத்த சாதனங்களில் ஒன்று, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்.

முயற்சிக்கு ஒரு அளவுகோல்

சரி, அசையலாம். எவ்வளவு? இங்கேதான் சைக்கிள் ஆய்வகத்துக்குள் வருகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1913-இலேயே காந்த பிரேக் வைத்த ஆய்வு சைக்கிள் ஒன்றைச் செய்துவிட்டார். சைக்கிளின் வசதி என்னவென்றால், மிதிக்கிறவர் தரும் சக்தியை நேரடியாக வாட் கணக்கில் அளக்கலாம்.

மருத்துவமனையில் நமக்கு அதிகம் தெரிந்தது ட்ரெட்மில். டி.எம்.டி என்று எழுதிக்கொடுப்பார்களே, அதுதான். சியாட்டிலைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். ரிப்போர்ட்டில் 'மெட்' என்று ஒரு எண் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுக்கும் ஆக்சிஜன் 1 மெட். அதைப்போல் ஏழு மடங்கு வேலை செய்ய முடிந்தால் 7 மெட். புரூஸ் முறையில் இரண்டாம் கட்டம் முடித்தால் ஏறக்குறைய இந்த 7 வரும்.

இதயத் துடிப்பைப் பார்த்தால் போதாதா? போதாது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த புரோப்ரனலால் வழியாக வந்த பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பையே கட்டுப்படுத்திவிடும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் ஜிம் சூத்திரம் நம்மைப் போன்றவர்களிடம் செல்லாது. ஸ்வீடனின் குன்னர் போர்க் வேறு வழி சொன்னார். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, 6-லிருந்து 20-க்குள் ஒரு எண் சொல். ஏன் 6-இல் ஆரம்பம்? பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்பு தோராயமாக வரும் என்பதற்காக. மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு பொய் சொன்னாலும், அந்த 'கஷ்டம்' எண் ஓரளவு உண்மை சொல்லும்.

மோட்டார் படித்த பாடம்

எலெக்ட்ரிக் சைக்கிள் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று பின் சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினார். 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று கணக்கு. அதாவது 1000 வாட்! ஆனால் அந்த மோட்டாருக்கு ஓட்டுபவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்விட்ச் போட்டால் ஓடும், அவ்வளவுதான்.

அடிப்படை மாற்றம் ஜப்பானில், 1993-இல், யமஹாவின் 'பாஸ்' சைக்கிளில் வந்தது. மிதிக்கும் அச்சில் எவ்வளவு முறுக்கு விழுகிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ, மோட்டாரும் அதற்கு ஏற்றபடி சேர்க்கும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். இதற்குத் தூண்டுதல் இதய மருத்துவம் இல்லை, சட்டம். தானாக ஓடினால் அது மொபெட். லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். மனிதன் மிதித்து மோட்டார் துணை மட்டும் செய்தால் அது சைக்கிள். அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான் காலின் முயற்சியை அளக்க வேண்டி வந்தது.

ஜப்பான் சட்டம் முதலில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தது. 2008-இல் குறைந்த வேகத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தளர்த்தினார்கள். மணிக்கு 24 கிமீ-யில் உதவி பூஜ்யம். ஐரோப்பா 2002-இல் 250 வாட், 25 கிமீ என்று கோடு போட்டது. இந்தியாவின் மோட்டார் வாகன விதிகளிலும் மிதிப்பு உதவி சைக்கிளுக்கு அதே 250 வாட், 25 கிமீ எல்லைதான்; அதற்குள் இருந்தால் பதிவு எண் வேண்டாம்.

யாரும் திட்டமிடாமலே, சட்டத்துக்காகச் செய்த அந்தச் சென்சார் இதய நோயாளிக்குத் தேவையான கருவியாக அமைந்துவிட்டது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

என் கணக்கு

என் எடை 68 கிலோ, சைக்கிள் 22 கிலோ, மொத்தம் 90. சாதாரண டயர், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நிலை. உருளும் உராய்வு, காற்றுத் தடை, ஏற்றம் மூன்றையும் பள்ளிக்கூட இயற்பியல் வைத்துக் கூட்டி, வாட்டை மெட்டாக மாற்றும் வழக்கமான சூத்திரத்தில் போட்டேன். மோட்டார் இல்லாமல் மிதித்தால்:

– சமதளம், மணிக்கு 15 கிமீ: சுமார் 48 வாட், 4.2 மெட்
– அதே வேகம், எதிரே 15 கிமீ காற்று: சுமார் 126 வாட், 7.7 மெட்
– நூறு மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் மேம்பாலம், அதே வேகம்: சுமார் 195 வாட், 10.9 மெட்
– அதே மேம்பாலம், மெதுவாக 8 கிமீ: சுமார் 94 வாட், 6.3 மெட்

என் டி.எம்.டி ரிப்போர்ட்டில் உள்ள எண் 7. அது உச்சம். தொடர்ந்து செய்ய ஏற்றது அதில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள். அதாவது சமதளம் எனக்கு நல்ல பயிற்சி, சாயங்காலக் கடற்காற்று எல்லை மீறல், மேம்பாலம் நினைத்தே பார்க்க முடியாது. நடுவில் சிக்னல் வேறு. நின்ற இடத்திலிருந்து ஆறு நொடியில் 15 கிமீ வேகத்தை எட்ட, மேற்கொண்டு சராசரியாக 130 வாட் வேண்டும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் எல்லோரும் அப்படித்தான் கிளம்புவோம்.

ஆக, சாதாரண சைக்கிளின் பிரச்சினை சராசரி உழைப்பு இல்லை, உச்சங்கள். சைக்கிள் பாதையின் உச்சங்களை நம் இதயத்தின் எல்லை தீர்மானிப்பதில்லை. மேம்பாலம் கட்டிய இன்ஜினியர் தீர்மானிக்கிறார்.

இப்போது மோட்டாரைச் சேர்ப்போம். மேம்பாலத்தின் 195 வாட்டில் ஒன்றுக்கு ஒன்று உதவி என்றால் என் பங்கு 97, அது 6.4 மெட். ஒன்றுக்கு இரண்டு என்றால் என் பங்கு 65, அது 4.9 மெட். சமதளத்தில் ஓட்டுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மோட்டார் தருவது 130 வாட், 250 வாட் எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. சமதளத்தில் உதவியை அணைத்துவிட்டால் பயிற்சியும் குறையாது.

எந்தச் சென்சார்?

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விலை குறைந்த பல மாடல்களில் இருப்பது கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் அதற்குத் தெரியும். நீங்கள் மூச்சு வாங்க அழுத்தினாலும், சும்மா காலைச் சுற்றினாலும் ஒரே உதவிதான். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டார் விழிக்கும். கிளம்பும் அந்த முதல் நொடிகள், அதாவது நமக்கு ஆபத்தான உச்சம், துணையில்லாமல் கழியும். இரண்டு, கொஞ்ச நாளில் காலைச் சும்மா சுற்றப் பழகிவிடுவோம். மோரிஸின் பஸ்ஸில் கண்டக்டராக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்த கதை.

டார்க் சென்சார் அழுத்தத்தை அளக்கிறது. முதல் மிதியிலேயே உதவி வரும், ஏற்றத்தில் தானாகக் கூடும், ஆனால் உங்கள் பங்கு எப்போதும் இருக்கும். விலை கூடுதல்தான். இதய நோயாளி டிஸ்பிளேயிலும் பெரிய பேட்டரியிலும் மிச்சம் பிடித்து இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. கைத்திருகு த்ராட்டிலும் இருந்தால் நல்லது. மார்பில் ஏதாவது உணர்ந்தால் மிதிக்காமல் வீடு வந்து சேரலாம்.

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு

இங்கே இன்னொரு சென்சார் கதை. முதல் பேஸ்மேக்கரை 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார்கள். அப்போது ஒரே சீரான துடிப்புதான். 1980-களில் உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் வகை வந்தது. நடந்தால் உடல் குலுங்கும், கருவி புரிந்துகொள்ளும். சைக்கிளில்? கால் உழைக்கிறது, மார்பு ஆடாமல் இருக்கிறது. கருவி இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துத் துடிப்பைக் கூட்டாது. மேடு பள்ள ரோட்டில் இறக்கத்தில் குலுங்கினால் தேவையில்லாமல் கூட்டவும் செய்யலாம். கேடன்ஸ் சென்சார் செய்யும் அதே தவறு: அசைவை முயற்சி என்று எடுத்துக்கொள்வது. 'நான் சைக்கிள் ஓட்டப் போகிறேன்' என்று டாக்டரிடம் சொன்னால் கருவியின் அமைப்பை மாற்றித் தர வாய்ப்புண்டு.

ஷாக் தரும் ஐ.சி.டி கருவி இருந்தால், எந்தத் துடிப்பில் அது விழிக்கும் என்று கேட்டுவைத்து அதற்கு நன்றாகக் கீழேயே ஓட்ட வேண்டும். காந்தத்தைப் பொறுத்தவரை, செல்போனுக்குச் சொல்லும் 15 செமீ இடைவெளி விதி நினைவில் இருக்கட்டும். ஓட்டும்போது மோட்டார் மார்புக்கு அருகில் வராது. பஞ்சர் பார்க்கிறேன் என்று சக்கரத்தை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: என் மெட் எவ்வளவு, எந்த போர்க் எண்ணைத் தாண்டக் கூடாது, மாத்திரைகளில் ரத்தத்தை இளக்குவது எது. கடைசியது விழுந்தால் என்ன ஆகும் என்பதற்காக. ஹெல்மெட்டுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் போட வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே வலி வருகிறவர்கள், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், துடிப்புக் கோளாறு இன்னும் கட்டுப்படாதவர்கள் இப்போதைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது.

சைக்கிளில் பார்க்க வேண்டியவை: கால் தூக்கிப் போடாமல் ஏறும் தாழ்ந்த ஃபிரேம். கழற்றி எடுத்துப்போகும் பேட்டரி, ஏனென்றால் 22 கிலோ சைக்கிளை மாடிப்படியில் தூக்குவது எந்த மேம்பாலத்தையும்விட மோசம். பைபாஸ் ஆனவர்கள் மார்பெலும்பு கூடும் வரை தூக்கவே கூடாது. ஏற்றத்துக்கு லேசான கியர். சொல்லும் ரேஞ்சில் பாதியை மட்டும் நம்பிப் பயணம்.

ஓட்டும்போது முதல் பத்து நிமிஷம் மெதுவாக, கடைசிப் பத்து நிமிஷமும் மெதுவாக. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் சட்டைப் பையில் இருக்கட்டும், வீட்டில் இருக்க வேண்டாம்.

நான் எடுத்தது டார்க் சென்சார் உள்ள, தாழ்ந்த ஃபிரேம் வண்டி. மேம்பாலத்தில் உதவியை முழுசாக வைக்கிறேன், மற்ற இடத்தில் ஒன்றில் வைக்கிறேன் அல்லது அணைத்துவிடுகிறேன். போர்க் எண்ணை 12-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாலத்தின் உச்சியில் மனசுக்குள் ஒரு எண் சொல்லிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் 11.